காலி வண்டிதான் புதையும்

வண்டி பார்க்கப் போன அன்று கழுத்தில் இன்ச் டேப்போடு போய்விட்டேன். காலையில் ஷெட்டில் ஒரு டீசர்ட்டின் நீளம் சரிபார்த்துக்கொண்டிருந்தவள், கழற்ற மறந்து அப்படியே பஸ் ஏறியிருக்கிறேன். ஷோரூமில் இருந்த பையன் என்னைத் தாண்டி வாசலைப் பார்த்தான். "சார் பார்க்கிங்ல இருக்காங்களாங்க்கா?" என்றான். சார் கம்பெனியில் கட்டிங்கில் நிற்கிறார், வண்டி எனக்குத்தான் என்றேன். சரி என்று சொல்லிவிட்டு, பாட்டுப் பெட்டியையும் சீட் கவரையும் காட்ட ஆரம்பித்தான்.

நான் டேப்பை எடுத்து, தரையிலிருந்து வண்டியின் பின்தட்டு எவ்வளவு உயரம் என்று அளந்தேன். பிறகு தரையிலிருந்து என் இடுப்பு எவ்வளவு உயரம் என்று அளந்தேன். "சட்ட தைக்கப் போறீங்களா?" என்று சிரித்தான். அவன் மேல் எனக்குக் கோபமில்லை. வண்டி விற்கிறவர்கள் யாரும் அந்த உயரத்தைச் சொல்லிப் பழகியதில்லை. எத்தனை டன் ஏற்றும் என்று சொல்வார்கள். அந்த டன்னை யார் தூக்கி உள்ளே வைக்கிறார்கள் என்பது அவர்கள் தரும் காகிதத்தில் இருக்காது.

எங்களிடம் தூக்குகிறவர்கள் பெண்கள். ஓவர்லாக் மெஷினின் தலை மட்டும் ஏறக்குறைய முப்பது கிலோ. பலகை, ஸ்டாண்டு, மோட்டாரோடு சேர்த்தால் இரண்டு பங்குக்கு மேல் வரும். இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இடுப்பு உயரம் வரைக்கும் தூக்கிவிடலாம். அதற்கு மேல் நெஞ்சுவரை போக வேண்டுமென்றால் மூச்சைப் பிடித்து ஒரு உந்து உந்த வேண்டும். அந்த உந்தில்தான் அடிவயிறு இழுக்கும். கர்ப்பப்பை இறங்கியிருக்கிறது என்று டாக்டர் சொன்ன இரண்டு பேர் எங்கள் ஷெட்டிலேயே இருக்கிறார்கள்.

பவர் டேபிள் என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. நீளமான மேசை, அதன் அடியில் ஒரு தண்டு, ஒரே மோட்டார், தண்டிலிருந்து பெல்ட் போட்டு வரிசையாக ஓடும் தையல் தலைகள். பழைய ஏற்பாடு அது. இப்போது மெஷினுக்கு ஒரு மோட்டார் வந்துவிட்டது, பெயர் மட்டும் மாறவில்லை. பனியன் கம்பெனி வெட்டிக் கொடுக்கும் துணியை வாங்கி வந்து தைத்து, பிசிர் வெட்டித் திருப்பிக் கொடுப்போம். பீஸுக்கு இவ்வளவு என்று கூலி. வெளிநாட்டுக் கடையில் தொங்கும் சட்டையின் கழுத்துப் பட்டியை ஊத்துக்குளிக்கும் குன்னத்தூருக்கும் நடுவில் ஒரு தகர ஷெட்டில் தைத்திருப்போம். அந்தச் சட்டைக்காக ஆடிட் பார்க்க வருகிற யாரும் எங்கள் ஷெட்டுக்கு வந்ததில்லை. எங்களிடம் ஒன்பது பேர். 2025 வரைக்கும், மின்சாரத்தில் ஓடும் இடத்தில் பத்துப் பேர் சேர்ந்தால் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் உள்ளே வந்துவிடும் என்று இருந்தது. ஒன்பது என்பது தற்செயல் இல்லை. இதை நானே சொல்லிவிடுவது நல்லது.

மெஷின் ஏன் ஊர் ஊராக அலைகிறது என்றால், பெண்கள் அலைய முடியாததால்தான். பெரிய கம்பெனிகள் வேன் அனுப்பிக் கிராமங்களிலிருந்து ஆட்களை எடுத்துப்போகும். கைக்குழந்தை இருக்கிறவள், மாமியாரைப் படுக்கையில் வைத்துப் பார்க்கிறவள், ஒன்றரை ஷிப்டு முடித்து இரவு ஒன்பது மணிக்கு மேல் வீடு சேர வீட்டார் சம்மதிக்காதவள் அந்த வேனில் ஏற மாட்டாள். அவளிடம் மெஷினைக் கொண்டுபோனால் தைப்பாள். அப்படி ஷெட்டில் ஐந்து மெஷினும், இரண்டு ஊர்களில் வீட்டுத் திண்ணைகளில் இரண்டிரண்டு மெஷினுமாக வைத்திருந்தேன். போலோ காலர் ஆர்டர் வந்தால் சிங்கர் கூடுதலாக வேண்டும். ரவுண்டு நெக் என்றால் ஓவர்லாக்கும் பேட்லாக்கும். திருப்பூரிலிருந்து வாடகைக்கு எடுத்து வந்து, ஆர்டர் முடிந்ததும் திருப்பிக் கொடுக்க வேண்டும். வாரம் ஒரு முறையாவது மெஷின் இடம் மாறும். துணிக்கட்டு தினமும் போய்வரும்.

அதற்கெல்லாம் வாடகைக் குட்டி யானைதான். 2005இல் டாடா ஏஸ் வந்த பிறகு திருப்பூரின் சின்னத் தொழில்கள் எல்லாம் அதன் முதுகில்தான் ஏறின. எனக்கும் அந்த வண்டி மேல் பாசம் உண்டு. பின்தட்டு தாழ்வாக இருக்கும். என் டேப் கணக்கில் அதற்குத்தான் முதல் மார்க். ஆனால் முக்கால் டன்தான் தாங்கும், சக்கரம் சின்னது. எங்கள் ஷெட்டுக்குப் போகும் வழி இட்டேரி.

இட்டேரி என்ற சொல்லே எனக்கு இங்கே வந்துதான் தெரியும். நாங்கள் ஆண்டிபட்டிப் பக்கம். 1995இல் பன்னிரண்டு வயதில் அம்மாவோடு திருப்பூருக்கு வந்தேன். இரண்டு தோட்டங்களின் கிளுவை வேலிகளுக்கு நடுவே மாட்டுவண்டி போகும் அகலத்துக்கு விட்ட மண்பாதைதான் இட்டேரி. பல காலம் வண்டித்தடம் பதிந்து, தோட்டத்து மண்ணைவிடத் தாழ்ந்து கிடக்கும். மழை பெய்தால் இரண்டு பக்கத் தண்ணீரும் அதில்தான் இறங்கும். "இட்டேரிக்குள்ள வராதுங்க்கா" என்று வாடகை வண்டிக்காரர் தார்ரோட்டிலேயே நிறுத்திவிடுவார். அவரையும் குற்றம் சொல்ல முடியாது, அவருடைய டயர். அங்கிருந்து அரைக் கிலோமீட்டர் தலைச்சுமைதான்.

ஆனால் இன்னொரு "வராதுங்க்கா" இருந்தது. தைக்கிறவர்களில் நான்கு பேர் காலனிக்காரப் பெண்கள். காலனிக்குள் நல்ல சிமெண்டுத் தெரு. பஞ்சாயத்து போட்டது, குழி இல்லை, வளைவு இல்லை. மெஷின் இறக்கப் போனால் காலனி முனையில் வண்டி நிற்கும். உள்ளே திருப்ப முடியாது என்பார் ஓட்டுநர். திருப்ப இடம் இருக்கிறது என்று நான் நடந்து போய்க் காட்டினேன். "இல்லீங், வராதுங்" என்றார். மூன்று வெவ்வேறு வண்டிக்காரர்கள் அதே இடத்தில் அதே பதிலைச் சொன்னார்கள். மோசமான பாதைக்கு வண்டி தேடுகிறேன் என்று நான் சொல்லும்போது எல்லோரும் இட்டேரியைத்தான் நினைத்துக்கொள்வார்கள். என் கணக்கில் அந்தச் சிமெண்டுத் தெருவும் உண்டு.

சொந்த வண்டி வாங்குவது என்று முடிவெடுத்தது 2018இல். வீட்டில் பேச்சை எடுத்ததும் ஆளுக்கு ஒரு வண்டி சொன்னார்கள். கொழுந்தனார் தோஸ்த்துக்கு ஓட்டுப் போட்டார். "ஒண்ணேகால் டன் ஏத்தலாம், டீசலும் குடிக்காது." என் அண்ணன் பொலேரோ பிக்கப் என்றான். 1.7 டன் வரைக்கும் உண்டு, சக்கரம் பெரிது, மண்ணில் தைரியமாக இறங்கும், ஷெட்டில் வேலை இல்லாத நாளில் தேங்காய் லோடுக்கு விடலாம். இரண்டும் நியாயமான பேச்சுத்தான். லோடுதான் காசு.

எனக்கு லோடு தவிர இன்னொன்றும் ஏற்ற வேண்டியிருந்தது. ஷிப்மெண்ட் நெருக்கும் வாரங்களில் வேலை முடிய இரவு பத்தாகும். ஒன்பது பெண்களை எப்படி வீட்டுக்கு அனுப்புவது? வாடகை வண்டி வந்திருந்தால் தைத்த கட்டுகளின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்வார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு 1999 ஞாபகம் வரும்.

அப்போது எனக்குப் பதினாறு. ஒரு கம்பெனியில் கைமடி. டெய்லருக்குத் துணி எடுத்துக் கொடுத்து, தைத்ததை வாங்கி அடுக்குகிற வேலை. இரவு வேலை முடிந்ததும் கட்டு ஏற்றிய டெம்போவின் மேல் எங்களையும் ஏற்றி அனுப்புவார்கள். சிரித்துப் பேசிக்கொண்டு போவோம், மேலே காற்று நன்றாக இருக்கும். பொய் சொல்வானேன், எனக்குப் பிடித்த நேரமே அதுதான். ஒரு நாள் வளைவில் கட்டு சரிந்தது. என் பக்கத்தில் இருந்த அக்கா முதலில் விழுந்தாள், நான் அவள் மேல் விழுந்தேன். எனக்குச் சிராய்ப்பு. அவளுக்கு இடது மணிக்கட்டு நொறுங்கிவிட்டது. கம்பெனியில் மாவுக்கட்டுக்குப் பணம் கொடுத்தார்கள், அதோடு சரி. சரக்கு வண்டியில் சும்மா ஏறிப்போகிற ஆளுக்குக் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பில்லை என்று பின்னால் ஒரு வக்கீல் சொன்னார். வண்டியில் இருந்த துணிக்கு ரசீது இருந்தது. நாங்கள் எந்தத் தாளிலும் இல்லை. அந்த அக்கா பேட்லாக் டெய்லர். பேட்லாக்கில் துணியை வழிநடத்துவது இடது கைதான். அதன் பிறகு அவள் பிசிர் வெட்டப் போனாள், கடைசிவரை அதுதான்.

ஆகவே எனக்கு இரண்டு வரிசை சீட் வேண்டும், பின்னால் தட்டும் வேண்டும். பொலேரோ கேம்பர் அப்படிப்பட்டது. ஓட்டுநரோடு ஐந்து பேர் கதவு போட்ட அறைக்குள் உட்காரலாம், பின்னால் சுமார் ஒரு டன். "ஆளு ஒக்கார எடத்த விட்டு லோடு எடத்தக் கொறைக்கற வண்டி, யாவாரத்துக்கு ஆகாது" என்றார் கொழுந்தனார். தட்டின் உயரத்திலும் கேம்பர் தோற்றது. டேப் என் மார்புக்குக் கிட்டே போனது. இதில் நான் மூன்று நாள் தடுமாறினேன். கடைசியில் வெல்டிங் பட்டறையில் கேட்டேன். பின்கதவில் மாட்டி இறக்கிவிடுகிற மாதிரி இரண்டு சேனல் கம்பியும் நடுவில் தகடும் வைத்துச் சாய்வுப் பலகை செய்து தருகிறேன் என்றார் பட்டறைக்காரர். தூக்குவதற்குப் பதில் தள்ளலாம். முழுத் தீர்வு இல்லை. மழையில் அந்தத் தகடு வழுக்கும்.

இனி நான்கு சக்கர இழுவை. அது எதற்கு என்று எல்லோரும் கேட்டார்கள். மலைக்கா போகப் போகிறாய்? எனக்கும் முதலில் தேவையில்லை என்றுதான் தோன்றியது. காங்கேயம் ரோட்டில் ஒரு பழைய மெக்கானிக் அய்யாதான் தெளிய வைத்தார். "கண்ணு, லோடு வண்டிக்குப் பின்சக்கரந்தான் இழுக்கறது. தட்டுல எடை இருந்தா பின்சக்கரம் மண்ணக் கவ்விப் புடிக்கும். காலி வண்டிதாங் கண்ணு பொதையும். முன்னால எஞ்சின் அழுத்தும், பின்னால ஒண்ணுமிருக்காது, சக்கரம் சும்மா சுத்திக் குழி பறிக்கும்."

அதைக் கேட்டதும் என் மனதில் ஒரு நாள் முழுவதும் ஓடியது. லோடு ஏற்றி இட்டேரிக்குள் வருவது பகலில். அப்போது எடை இருக்கும், வெளிச்சம் இருக்கும், தோட்டத்தில் ஆள் இருப்பார்கள். துணியை அனுப்பிவிட்டுத் தட்டு காலியாக வெளியே போவது இரவில். அப்போதுதான் உள்ளே பெண்கள் இருப்பார்கள். வண்டி மாட்டிக்கொள்ள மிகவும் வாய்ப்புள்ள நேரமும், மாட்டிக்கொள்ளவே கூடாத நேரமும் ஒன்றாகிவிடுகிறது. பத்து மணிக்கு மழையில் அவர்களை இறங்கித் தள்ளச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் யாருக்காவது போன் போட வேண்டும். வருகிறவர் யார், எந்த நிலையில் வருவார், மறுநாள் ஊரில் என்ன பேசுவார் என்று கணக்குப் பார்க்கிற பெண்கள் அவர்கள். அப்படி ஒரு பேச்சு கிளம்பினால் ஒருத்தியை மறுநாளிலிருந்து வேலைக்கே அனுப்ப மாட்டார்கள். ஒரு லீவரை இழுத்தால் முன்சக்கரமும் சேர்ந்து இழுக்கும் என்றால், எனக்கு அந்த லீவர் வேண்டும்.

ஷோரூமில் அந்த வகைக்குச் சொல்லி வைத்துக் காத்திருக்க வேண்டும் என்றார்கள், விலையும் எட்டவில்லை. மெக்கானிக் அய்யாதான் குன்னூர்ப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் ஓடிய ஒரு கேம்பரைப் பற்றிச் சொன்னார். நானும் கணவரும் அவரைக் கூட்டிக்கொண்டு போனோம். மலை வண்டிக்குத் துருதான் பகை. கீழே சாக்கை விரித்து நானும் படுத்தேன். சேஸிஸை ஸ்க்ரூ டிரைவரால் தட்டிக்கொண்டே போகச் சொன்னார். நல்ல இரும்பு கணீர் என்னும், அரித்த இடம் பொத்தென்று கேட்கும். இரண்டு இடம் பொத்தென்றது, விலையில் கழித்தோம். தேயிலைக்கு நடுவே சரளைப் பாதையில் லீவரைப் போட்டு ஏற்றிப் பார்த்தேன், ஏறியது. தார்ரோட்டுக்கு வந்ததும் எடுத்துவிட வேண்டும். திருப்பத்தில் முன்சக்கரமும் பின்சக்கரமும் வேறு வேறு தூரம் உருள வேண்டியிருக்கும், மண்ணில் வழுக்கிச் சரிசெய்துகொள்ளும், தாரில் ஒன்றோடொன்று மல்லுக்கு நின்று உள்ளே எதையாவது உடைக்கும். இதை அய்யா கணவரைப் பார்த்துச் சொல்லவில்லை, என்னைப் பார்த்துச் சொன்னார். அன்று முழுக்க எனக்கு அது பெரிய விஷயமாக இருந்தது.

பணம் என் நகைக்கடனும் மகளிர் குழுக் கடனும். பெயர் யார் பேரில் என்று வந்தபோது வீட்டில் இரண்டு நாள் பேச்சில்லை. என் கணவர் கெட்டவர் இல்லை, அவருக்கு வண்டி ஓட்டவும் தெரியாது. "எம் பேர்ல இருந்தா என்ன, ஒம் பேர்ல இருந்தா என்ன" என்றார். அப்படியானால் என் பெயரிலேயே இருக்கட்டும் என்றேன். அதற்குப் பதில் இல்லை, சோறும் இறங்கவில்லை. திருப்பூரைப் பற்றி ஷரத் சாரி என்பவர் 2004இல் எழுதிய ஒரு ஆய்வு நூல் இருக்கிறது, அதன் தலைப்பைத் தமிழில் சகோதர மூலதனம் என்று சொல்லலாம். விவசாயக் கூலியாக, கம்பெனித் தொழிலாளியாக இருந்த ஆண்கள் எப்படி முதலாளிகள் ஆனார்கள், எப்படி எல்லாவற்றுக்கும் காரணம் தங்கள் உழைப்பு என்று சொன்னார்கள் என்பது பற்றியது. தோழி ஒருத்தி அதை எனக்கு வாசித்து விளக்கியபோது தலைப்பிலேயே நின்றுவிட்டேன். கடன், மெஷின், ஆர்டர், வண்டிச் சாவி எல்லாம் அண்ணன் தம்பி, மச்சான் மாப்பிள்ளை கைகளுக்குள் சுற்றுவதைத்தான் நான் வந்த நாளிலிருந்து பார்க்கிறேன். கணவர் கடைசியில் ஒத்துக்கொண்டார். ஆர்.சி.யில் என் பெயருக்குக் கீழே, இன்னாருடைய மனைவி என்று அவர் பெயரும் இருக்கிறது. அது படிவத்திலேயே உள்ள கட்டம்.

கார் லைசென்ஸ் என்னிடம் முன்பே இருந்தது. சரக்கு வண்டிக்குத் தனியாக பேட்ஜ் வேண்டும் என்று பலர் பயமுறுத்தினார்கள். 7,500 கிலோவுக்கு உட்பட்ட வண்டிக்கு அந்த லைசென்ஸே போதும் என்று 2017 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்வும் அதையே உறுதி செய்தது. வசந்தகுமாரி அரசுப் பேருந்து ஓட்ட வந்தது 1993இல். கால் நூற்றாண்டு கழித்தும், செக்போஸ்டில் ஒரு பெண் லோடு வண்டியை நிறுத்தினால் முதலில் டிரைவர் எங்கே என்றுதான் கேட்கிறார்கள்.

குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் வரை நான்தான் இறக்கினேன். ஏறுகிற கியரிலேயே இறங்கு என்றார் அய்யா. இடது பக்கம் கணவர் வாய்க்குள் முருகனைக் கூப்பிட்டபடி வந்தார். பர்லியாறில் இறங்கி மங்குஸ்தான் வாங்கினோம். அதற்குள் என் கால் நடுக்கம் நின்றிருந்தது, அவருடையது நிற்கவில்லை. சீட்டை முழுக்க முன்னால் தள்ளியும் கிளட்சை அடிவரை மிதிக்க எனக்கு எட்டவில்லை. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக, பனியன் வேஸ்டை அடைத்து முதுகுக்கு ஒரு திண்டு தைத்தேன்.

அந்த ஐப்பசியில் மழை பிடித்தது. முதல் இரவு இட்டேரியில் முழங்கால் தண்ணீர். உள்ளே நான்கு பேர். லீவரைப் போட்டேன். வண்டி உறுமி, கொஞ்சம் பக்கவாட்டில் நழுவி, நேரானது. பின்சீட்டில் யாரும் பேசவில்லை. தார்ரோடு ஏறியதும் ஒருத்தி, "அக்கா, முறுக்கு இருக்கு, திங்கறீங்களா?" என்றாள். காலனி சிமெண்டுத் தெருவில் உள்ளே போய், கடைசி வீட்டு வாசலில் வண்டியைத் திருப்பினேன். இரண்டே ஒடிப்பில் திரும்பியது.

இதோடு நிறுத்தினால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் ஒன்பது பேருக்கு நான்கு சீட். இரண்டு நடை போக வேண்டும், மிச்ச ஒருத்தி என் தெருக்காரி, இரண்டாம் நடையில் முன்னால் நெருக்கிக்கொண்டு வருவாள். ஐந்து பேர் என்று ஆர்.சி.யில் இருக்கிறதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அதையும் செய்கிறேன். இரண்டு நடைக்கு டீசல் யார் கணக்கு? முதல் வருடம் என் கணக்கில்தான் போனது. கூலியை ஏற்றாமல் வைத்திருந்ததற்கு டீசலைத்தான் நானும் காரணம் சொன்னேன். ஒரு சம்பள நாளில் பேட்லாக் தைக்கிறவள் நேராகக் கேட்டுவிட்டாள். "வண்டி நல்லாத்தானுங்க்கா இருக்குது. ஆனா எங்க ஊட்டுக்காரரு பைக்குல வந்து கூட்டிக்குவாரு. எனக்கு வண்டி வேண்டாம், பீஸுக்கு அம்பது பைசா ஏத்திக் குடுங்க." பக்கத்தில் இருந்தவள், "உனக்கு ஆளு வருது, எனக்கு யாரு வருவா?" என்றாள். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். முதலாளி என்று யாராவது என்னைக் கூப்பிட்டால் எனக்குச் சிரிப்பு வரும், அன்று வரவில்லை. இருபத்தைந்து பைசா ஏற்றினேன். கம்பெனியில் எனக்கு ஒரு பைசாவும் ஏறவில்லை.

இப்போது அந்த இரண்டாமவள் வண்டி பழகுகிறாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயில் மைதானத்தில் ரிவர்ஸ். அவள் என்னைவிட உயரம் கம்மி, திண்டு இரண்டு வேண்டியிருக்கிறது. லைசென்ஸ் வாங்கிவிட்டால் இரண்டாம் நடையை நான் ஓட்டிக்கொள்கிறேன் என்கிறாள். ஓட்டுகிற நடைக்குத் தனியாக எவ்வளவு தருவீர்கள் என்றும் கேட்டு வைத்திருக்கிறாள். சனிக்கிழமை சொல்கிறேன் என்று இரண்டு சனிக்கிழமையைக் கடத்திவிட்டேன். நாளை மூன்றாவது.